வான்வழிக்கு ஒரு நீதி! கடல்வழிக்கு ஒரு நீதி!

விமானம் வந்து இறங்குகிறது. வேற்று நாட்டிலிருந்து வந்தவர்கள் பெட்டிகளோடு வரிசையில் நிற்கிறார்கள். சுங்க அதிகாரி ஒருவரை அழைக்கிறார். பெட்டியைத் திறக்கச் சொல்கிறார். உள்ளே சட்டை இருக்கிறது, பார்க்கிறார், தள்ளுகிறார். நூல் இருக்கிறது, பார்க்கிறார், தள்ளுகிறார். அடியிலே புட்டி இருக்கிறது. கை நிற்கிறது, கண் எண்ணுகிறது. ஒன்று, சரி. இரண்டு, சரி. மூன்று? "ஐயா, சற்று ஓரமாக வாருங்கள்!"

இந்திய அரசின் 2016ஆம் ஆண்டுப் பயணிகள் மூட்டை விதிகள் வகுத்த அளவு 2 லிட்டர். முக்கால் லிட்டர் புட்டி இரண்டு வரலாம். மூன்றாவதும் வந்தால் அளவு தாண்டிவிட்டது. கட்டு தீர்வையை என்கிறது சட்டம். இரண்டு புட்டிக்கு இருக்கும் மதிப்பு மூன்றாவது புட்டிக்கு இல்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே கோடு கிழித்தது எது? ஒழுக்கமா? உடல் நலமா? ஊர் நலமா?

குடியை ஆதரித்து இதை எழுதுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். குடி எத்தனை குடும்பங்களைக் குலைத்தது என்பதை நாம் அறிவோம். கூலி வாங்கிய கை வீடு திரும்பும் முன்பே வெறுங்கையாவதைக் கண்டவர்கள் நாம். ஆனால், ஒரு சட்டம் நம்முன் வந்து நிற்கும்போது, "நீ யாருக்காகப் பிறந்தாய்? யாரைத் தடுக்கிறாய்? யாருக்கு வழி விடுகிறாய்?" என்று கேட்பது பகுத்தறிவாளர் கடமை. வேதத்தைக் கேட்ட கேள்வியை விதியையும் கேட்போம். இந்தப் புட்டிக் கணக்கின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அது மதுவின் வரலாறு மட்டுமன்று, மனிதரை மனிதர் தரம் பிரித்த வரலாறும் ஆகும் என்பது விளங்கும்.

தாகம் பறந்த கதை

1920ஆம் ஆண்டு சனவரி. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மதுவைக் காய்ச்சுவது குற்றம், விற்பது குற்றம், ஏற்றிச் செல்வது குற்றம், இறக்குமதி செய்வது குற்றம் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். குடிப்பது மட்டும் குற்றம் என்று எழுதவில்லை! முன்கூட்டியே வாங்கி நிலவறையில் அடுக்கி வைத்துக்கொள்ள வசதி படைத்தவன் வீட்டிலே அமர்ந்து சட்டப்படி குடித்தான். வாரக் கூலியில் வாங்கிக் குடித்தவனுக்குக் கடை மூடிற்று.

நிலவறை போதாதவர்களுக்கு வானம் திறந்திருந்தது. புளோரிடாவின் தென்கோடியில் கீ வெஸ்ட் என்றோர் ஊர். அங்கிருந்து ஏறத்தாழ 90 கடல் மைல் தொலைவில் கியூபா நாட்டின் தலைநகர் ஹவானா. அங்கே மதுவிலக்கு இல்லை. அதே 1920இல் ஏரோமரைன் என்ற நிறுவனம், நீரிலே இறங்கும் விமானங்களைக் கீ வெஸ்டுக்கும் ஹவானாவுக்கும் இடையே பறக்கவிட்டது. வானிலே பறப்பதே அரிதாக இருந்த காலம் அது. அந்த அரிய ஊர்தியில் ஏறிப் பறந்த செல்வர் பலருக்கு, அக்கரையில் காத்திருந்த கோப்பையும் ஓர் ஈர்ப்பு. அந்த நிறுவனம் 1924இல் ஓய்ந்தது. 1927இல் பான் அமெரிக்கன் நிறுவனம் அதே வழியில் அஞ்சல் கொண்டு செல்லத் தொடங்கி, 1928இல் பயணிகளையும் ஏற்றிற்று.

சட்டம் தரையிலே காவல் நின்றது. செல்வம் தலைக்கு மேலே பறந்தது! 1933 டிசம்பரில் அந்த மதுவிலக்கே வீழ்ந்தது. ஆனால் அது ஒரு பாடத்தை விட்டுச் சென்றது: எல்லை என்பது ஏழைக்குச் சுவர், செல்வனுக்கு வாசல்.

எந்த நாட்டிலும் இல்லாத இடம்

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தது. அட்லாண்டிக் கடலைக் கடந்த விமானங்களுக்கு ஒரே மூச்சில் பறக்கும் ஆற்றல் அன்று இல்லை. அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருந்த ஷானன் நிலையத்தில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு சென்றன. எண்ணெய் நிரம்பும்வரை பயணிகள் கீழே இறங்கிக் காத்திருந்தனர்.

அங்கே உணவு ஏற்பாடுகளைக் கவனித்து வந்தவர் பிரெண்டன் ஓ'ரீகன். இவருடைய எண்ணம் எளியது. இந்தப் பயணி ஒரு நாட்டை விட்டுப் புறப்பட்டுவிட்டார். இன்னொரு நாட்டுக்குள் இன்னும் நுழையவில்லை. அயர்லாந்தின் மண்ணிலே கால் வைத்திருந்தாலும் அயர்லாந்துக்குள் வரவில்லை. அப்படியானால் இவர் வாங்கும் பொருளுக்கு யாருடைய தீர்வை? எவருடையதும் இல்லை! 1947இல் அயர்லாந்து நாடாளுமன்றம் சுங்கமற்ற விமான நிலையச் சட்டத்தை இயற்றிற்று. உலகின் முதல் தீர்வையில்லா விமான நிலையக் கடை ஷானனில் பிறந்தது.

வறண்ட ஒரு வட்டாரத்துக்கு வேலை தேடித் தந்த அறிவுக்கூர்மை அது, பாராட்டுகிறோம். ஆனால் அதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். ஊரிலே ஒரு கோப்பை குடிக்கும் துறைமுகத் தொழிலாளி அரசுக்கு வரி கட்டினான். கடல் கடந்து பறந்த சீமான் அதே மதுவை வரியின்றி வாங்கினார். இருப்பவனுக்கு விலை குறைவு, இல்லாதவனுக்கு விலை அதிகம் என்னும் விந்தைக் கடை அது! 1960இல் சக் பீனி, இராபர்ட் மில்லர் என்னும் இரு அமெரிக்கர் ஹாங்காங்கில் தொடங்கிய தீர்வையில்லா வணிகம் பெருஞ்செல்வமாக வளர்ந்தது. பீனி பிற்காலத்தில் தம் செல்வம் ஏறத்தாழ முழுவதையும் கல்விக்கும் மருத்துவத்துக்கும் பிற பொதுப் பணிகளுக்கும் அளித்துவிட்டார் என்பதையும் சொல்லிவிடுவது நேர்மை.

கால் லிட்டர் நாகரிகம்

கடை வந்தது, அளவும் வந்தாக வேண்டுமே! வரியின்றி வாங்கியதை எவ்வளவு உள்ளே விடுவது? 1954 சூன் 4ஆம் நாள் நியூயார்க்கில், ஐக்கிய நாடுகள் அவையின் ஏற்பாட்டில், சுற்றுலாப் பயணிகளுக்கான சுங்கச் சலுகை ஒப்பந்தம் உருவாயிற்று. ஒரு பயணி தம் சொந்தப் பயனுக்கு 200 சிகரெட்டுகளும், வழக்கமான அளவுள்ள ஒரு புட்டித் திராட்சை மதுவும், கால் லிட்டர் வடித்த மதுவும் தீர்வையின்றிக் கொண்டு செல்லலாம் என்றது அது.

கால் லிட்டர்! எந்த மருத்துவர் வகுத்த அளவு இது? எந்த மருத்துவரும் அல்லர். உலகம் சுற்றுவோர் தொல்லையின்றிச் சுற்ற வேண்டும்; உள்நாட்டு வணிகமும் வரி வருவாயும் குலையக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே நடந்த பேரம்தான் கால் லிட்டர்.

பேரம் என்பதற்குச் சான்று வேண்டுமா? அமெரிக்கா தன் குடிமக்கள் வெளிநாட்டிலிருந்து ஒரு காலன், அதாவது ஏறத்தாழ 3.8 லிட்டர் மது கொண்டுவர இடம் கொடுத்திருந்தது. 1965இல் அதை ஒரு குவார்ட் ஆக்கிற்று. நான்கில் ஒரு பங்கு! அமெரிக்கரின் கல்லீரல் திடீரென்று சுருங்கிவிட்டதா? இல்லை. அந்நாட்டு டாலர் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. அதை அடக்கவே அளவைச் சுருக்கினர். தன் ஆட்சிக்குட்பட்ட வர்ஜின் தீவுகள் போன்ற இடங்களிலிருந்து வாங்கி வந்தால் பழைய காலன் அளவே நீடித்தது. மது ஒன்றே, மயக்கமும் ஒன்றே. பணம் எந்தப் பையில் விழுகிறது என்பதே வேறுபாடு!

1969இல் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் ஒன்றுகூடிப் பயணிகளுக்கான அளவுகளை வகுத்தன. அவ்வழியில் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோர்க்கு 1 லிட்டர் வடித்த மது என்பது நிலைபெற்றது. பின்னர் 1993 சனவரி 1ஆம் நாள் ஒற்றைச் சந்தை மலர்ந்தது. ஓர் உறுப்பு நாட்டில் வரி கட்டி வாங்கியதை இன்னோர் உறுப்பு நாட்டுக்குச் சொந்தப் பயனுக்காக எடுத்துச் சென்றால், 10 லிட்டர் வடித்த மது, 90 லிட்டர் திராட்சை மது, 110 லிட்டர் பீர் வரை கேள்வி எழாது என்றனர். ஒன்று, ஒன்றரை என்று லிட்டரை அளந்த கை ஒரே இரவில் பத்தை அளந்தது. ஒழுக்கம் ஒரே இரவில் பத்து மடங்கு தளர்ந்துவிட்டதா? தளர்ந்தது ஒழுக்கமன்று, எல்லை!

பின்லாந்தின் பாடம்

இனி வடக்கே செல்வோம். நாம் சொல்ல வந்த செய்தியின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

பின்லாந்து சிறு மக்கள்தொகை கொண்ட குளிர்நாடு. 1919 சூன் மாதம் அங்கு மதுவிலக்கு வந்தது. கடல் வழியே கள்ளச் சாராயம் வந்து குவிந்தது. மருத்துவர் சீட்டு மதுச் சீட்டாயிற்று. 1925இல் பால்டிக் கடலைச் சூழ்ந்த நாடுகள் ஹெல்சிங்கியில் கூடிக் கள்ளக் கடத்தலை ஒழிக்க ஒப்பந்தம் செய்தன, கடத்தல் ஒழியவில்லை. 1931 டிசம்பர் இறுதியில் மக்களையே வாக்களிக்கச் சொன்னது அரசு. பத்தில் ஏழு பங்கினர் விலக்கு வேண்டாம் என்றனர். 1932 ஏப்ரல் 5ஆம் நாள் காலை 10 மணிக்கு அரசின் மதுக்கடைகள் திறந்தன. விற்பனை முழுவதும் அரசின் கையில். விலை உயர்வு, வரி உயர்வு என்பதே கொள்கை ஆயிற்று.

பின்லாந்தின் தலைநகருக்கு நேர் எதிரே, 80 கிலோமீட்டர் அகலமுள்ள வளைகுடாவின் அக்கரையில், எஸ்டோனியாவின் தாலின் நகரம். 1991இல் எஸ்டோனியா விடுதலை நாடாயிற்று. அங்கு மது மலிவு. காலையில் கப்பலேறினால் மாலையில் திரும்பிவிடலாம். தச்சரும் ஓட்டுநரும் ஓய்வூதியக்காரரும் அந்தக் கப்பலில் ஏறினர். ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியே உள்ள நாட்டுக்குச் சென்று திரும்பும் பின்லாந்துவாசி, 20 மணி நேரத்துக்கு மேல் வெளியே தங்கியிருந்தாலொழிய மது கொண்டுவரக் கூடாது என்று அரசு விதி செய்தது.

நல்ல விதி என்றே சிலர் சொல்லக்கூடும். நாள்தோறும் போய் நாள்தோறும் சுமந்து வருவதைத் தடுக்கத்தானே என்பர். இருக்கட்டும். ஆனால் அந்த விதியிலே ஒரு விலக்கு இருந்தது. விமானத்தில் வந்தவருக்கு 20 மணி நேர நிபந்தனை இல்லை!

படித்ததை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அதே தாலின். அதே மது. அதே நாள். கப்பலில் வந்த தச்சரை நோக்கி, "எத்தனை மணி நேரம் தங்கினாய்?" என்கிறது சட்டம். வானிலே பறந்து வந்த வணிகரை நோக்கி, "வாருங்கள், போங்கள்" என்கிறது. புட்டிக்குக் கால் இல்லை, சிறகும் இல்லை. அதை ஏந்தி வந்தவன் எதில் ஏறி வந்தான் என்பதே அதன் குற்றத்தையும் குற்றமின்மையையும் முடிவு செய்தது. விமானச் சீட்டின் விலை அதிகம், அவ்வழியே மலிவு மது தேடிக் கூட்டம் வராது என்பது ஆட்சியாளர் கணக்காக இருக்கலாம். அந்தக் கணக்கை அப்படியே ஏற்றாலும் அதன் பொருள் என்ன? வசதியே நன்னடத்தைச் சான்று என்பதுதான்! பிறப்பால் உயர்வு கற்பித்த மனுவைக் கண்டித்த நாம், பயணச் சீட்டால் உயர்வு கற்பிக்கும் விதியைக் கண்டு வாளா இருக்கலாமா?

வேடிக்கை இன்னும் உண்டு. 1999 சூன் 30ஆம் நாளோடு ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளுக்கிடையே தீர்வையில்லா விற்பனை முடிவுக்கு வந்தது. ஆனால் பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் நடுவே உள்ள ஆலந்து தீவுகள் ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டவை. ஆகவே அவ்விரு நாடுகளுக்கிடையே செல்லும் கப்பல் வழியில் அத்தீவைத் தொட்டுச் சென்றால் தீர்வையின்றி விற்கலாம்! பயணிகள் உறங்கும் வேளையிலும் கப்பல் கரையைத் தொட்டு மீள்கிறது. தீட்டுக் கழியத் தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்வது நம் நாட்டு வைதிகம். வரி கழியத் தீவைத் தொட்டுக்கொள்வது அந்நாட்டு வைதிகம்!

அளவு நீங்கியது, யார் மாண்டனர்?

இதுவரை படித்த இளைஞர், "அப்படியானால் இந்த அளவுகளையெல்லாம் குப்பையிலே வீசிவிடலாமே" என்று கேட்கலாம். அங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். ஒரு விதியின் பிறப்பு பேரமாக இருக்கலாம். அதன் விளைவு வேறாக இருக்கலாம். பிறப்பைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது நாம் எதிர்க்கும் பழக்கமல்லவா?

2004 பின்லாந்துக்கு ஒரு சோதனை ஆண்டு. ஒன்றிய நாடுகளிலிருந்து வரும் மதுவுக்கு அந்நாடு வைத்திருந்த தனிக் கட்டுப்பாடு 2003 முடிவோடு நீங்கிற்று. 2004 மே 1ஆம் நாள் எஸ்டோனியா ஒன்றியத்தில் சேர்ந்தது. 20 மணி நேர விதிக்கும் அங்கு வேலையில்லாது போயிற்று. இனி மக்கள் எல்லாரும் அக்கரைக்கே ஓடுவர், வரி வருவாய் போகும் என்று அஞ்சிய அரசு, மார்ச் 1ஆம் நாளே மது வரியைச் சராசரி 33 விழுக்காடு குறைத்தது. அந்த ஆண்டில் மக்கள் குடித்த அளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு உயர்ந்தது.

அடுத்து நடந்ததை அந்நாட்டு ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்து எழுதி வைத்துள்ளனர். 2001 முதல் 2003 வரையிலான காலத்தோடு 2004, 2005 ஆண்டுகளை ஒப்பிட்டால், மதுவால் நேர்ந்த சாவு ஆண்களிடையே 16 விழுக்காடும் பெண்களிடையே 31 விழுக்காடும் உயர்ந்தது. பெரும்பாலும் கல்லீரல் நோய் போன்ற நாட்பட்ட நோய்களால் மாண்டனர். மாண்டவர் யார்? உயர்வு மிகுந்திருந்தது வேலையற்றோரிடம், உழைக்கும் வயதிலேயே ஓய்வூதியத்துக்குத் தள்ளப்பட்டோரிடம், படிப்புக் குறைந்தோரிடம், வருவாய் குறைந்தோரிடம்.

கட்டுப்பாடு இருந்தபோது அதன் கடுமை ஏழை மீது. கட்டுப்பாடு நீங்கியபோது அதன் கொடுமையும் ஏழை மீது! சட்டத்தால் நசுங்கியவனும் அவனே. சட்டமின்றிச் சாய்ந்தவனும் அவனே. மேலே பறந்தவருக்கு முன்பும் புட்டி கிடைத்தது, பின்பும் கிடைத்தது. அவர் வாழ்வில் பெரிய மாற்றமில்லை.

இந்த ஆய்வைக் கண்டும் காணாததுபோல் அந்நாடு இருந்துவிடவில்லை. 2008இலும் 2009இலும் மது வரியை மீண்டும் உயர்த்தியது. செய்ததை அளந்து பார்த்தது; தவறென்று தெரிந்ததும் திருத்தியது. பகுத்தறிவின் பாதை இதுதான். முன்னோர் வகுத்தது என்று மூடிவைக்கவில்லை. முன்னால் செய்தோமே என்று வெட்கப்படவும் இல்லை.

அண்டை வீட்டையும் பார்ப்போம்

நம் தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரின் விதியைக் காணுங்கள். 48 மணி நேரமேனும் வெளிநாட்டில் இருந்து திரும்புவோர்க்கு வரியில்லா மதுச் சலுகை உண்டு. மலேசியாவிலிருந்து வருவோர்க்கு அது இல்லை. பாலத்தைக் கடந்தால் அடுத்த நாடு என்னும் நெருக்கமே காரணம். மாலத்தீவில் பயணி கொண்டுவரும் புட்டியை விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பும்போது கொடுக்கிறார்கள். மதம் விலக்கியது என்பது விளக்கம். ஆனால் செல்வச் சுற்றுலாவினர் தங்கும் விடுதித் தீவுகளில் மது வழங்கப்படுகிறது. பயணியின் பெட்டியில் இருந்தால் பாவம். விடுதியின் கணக்கில் ஏறினால் வருவாய்!

நம் நாட்டையும் விட்டுவிடக் கூடாது. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று. கள் இறக்கிய தொழிலாளி மரத்தை விட்டு இறங்கினான். மாற்று வேலை தேடித் திகைத்தான். அந்த நாளிலும் வெளிநாட்டினருக்கு அனுமதிச் சீட்டு இருந்தது. பனைமரத்தில் ஏறியவனுக்குச் சிறை. விமானத்தில் இறங்கியவருக்குச் சீட்டு! வேறுபாடு மரத்துக்கும் விமானத்துக்கும் இடையே இருந்த உயரத்தில்தான்.

நாம் கேட்பது

நாம் கேட்பது குடிக்கும் உரிமையன்று, ஒரே அளவுகோல். நலத்துக்காகத்தான் தடை என்றால், கப்பலில் வந்தவன் நலமும் விமானத்தில் வந்தவர் நலமும் ஒன்றே. வருவாய்க்காகத்தான் தீர்வை என்றால், வருவாய்க்காக என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். ஒழுக்கத்தின் போர்வையை அதன்மேல் போர்த்த வேண்டாம். தடை விதிப்பவர், அதனால் வேலை இழப்போனுக்கு வழி சொல்லட்டும். தடையை நீக்குபவர், அதனால் உயிர் இழப்போன் யார் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கட்டும்.

இளைஞர்களே! சட்டத்தைக் கண்டால் தலை வணங்குவோரும் உண்டு. சட்டத்தைக் கண்டாலே நகைப்போரும் உண்டு. நாம் இரண்டும் அல்லோம். சட்டத்தைக் கண்டால் அளந்து பார்ப்போம். விமான நிலையத்து மேசையில் அதிகாரி புட்டியை அளக்கிறார். நாம் அந்த அளவையே அளப்போம். அதன் ஒரு முனையில் சலுகை பெறுவது யார், மறு முனையில் சாவது யார் என்று கேட்போம். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாத விதி, எந்த நாட்டு ஏட்டில் இருந்தாலும், எவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி வந்தாலும், திருத்தப்பட வேண்டிய விதியே ஆகும்.